கடைமடைக் கணக்கு

பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார் நம் எல்லோரையும் நாலு நதிகளை உருப்போட வைத்திருக்கிறார். நைல் ஒன்று, யூப்ரடீஸும் டைக்ரீஸும் ஜோடியாக ஒன்று, சிந்து, ஹுவாங்ஹோ. மனிதன் அலைந்து திரிந்ததை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்தான், விதைத்தான், அறுத்தான், தின்று மிஞ்சியதைக் குதிரில் கொட்டிப் பூட்டினான், பிறகு அந்தப் பூட்டைக் காக்க ஒரு ராஜாவையும், உள்ளே இருப்பதை எண்ண ஒரு கணக்குப்பிள்ளையையும் வைத்துக்கொண்டான். நாகரிகம் என்று நாம் பெரிய வார்த்தையாகச் சொல்வது பெரும்பாலும் இந்தக் கதைதான்.

காவேரி அந்தப் பட்டியலில் கிடையாது. சேர்க்க வேண்டும் என்று வழக்காட நான் வரவில்லை. வயசு போதாது. ராஜஸ்தானத்துக் காளிபங்கனில் கி.மு. 2800 வாக்கில் உழுத வயல் ஒன்றை மண்ணுக்கடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கொழு ஓடிய சால்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. ஒரு வாக்கில் நெருக்கமாக, மற்ற வாக்கில் அகலமாக. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் ஒரே வயலில் கொள்ளும் கடுகும் விதைக்க இன்றும் அப்படித்தான் உழுகிறார்களாம். நம் பக்கத்தில் தாமிரபரணிக்கரைச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். காவேரிக்கு அப்படிப் பெருமை பேச ஒரு பிடி நெல் இன்னும் கையில் இல்லை.

ஆனால் காவேரியிடம் வேறொன்று இருக்கிறது. ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் பெரிய பெரிய கட்டடங்களைத் தோண்டியெடுத்து, “இவை தானியக் களஞ்சியங்கள்” என்று வீலர் துரை பெயர் வைத்தார். உள்ளே தானியம் அகப்படவில்லை. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் பலர், களஞ்சியம்தானா என்றே சந்தேகப்படுகிறார்கள். அந்த ஊர் எழுத்தை இன்னும் யாரும் எல்லோரும் ஒப்பும்படி வாசிக்கவில்லை. ஆகவே அங்கே கட்டடம் இருக்கிறது, கணக்கு இல்லை. சோழ தேசத்தில் நேர் தலைகீழ். ராஜராஜன் காலத்துக் குதிர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குதிருக்குள் போன நெல்லின் கணக்கு மட்டும் கலம், தூணி, குறுணி, நாழி வரைக்கும் கல்லிலும் செம்பிலும் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கணக்கை எல்லோரும் தஞ்சாவூரில் நின்றுகொண்டு படிக்கிறார்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழலில் நின்று படித்தால் எல்லாமே பிரமாதமாகத்தான் தெரியும். நான் அதைப் போலகத்திலிருந்து படித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

போலகம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டினாற்போல, கடல் காற்று அடிக்கிற தூரத்தில். காளமேகப் புலவர் கோபித்துக்கொண்டு மண்மாரி பெய்யச் சபித்தார் என்று கதை சொல்கிறோமே, அந்தப் பட்டினம்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் விஜயநகரத்தாருக்கு அடங்கி இந்தச் சீமையை ஆண்ட திருமலைராயனின் பெயர் ஊருக்கும் நிலைத்துவிட்டது, ஆற்றுக்கும் நிலைத்துவிட்டது. சபித்த வாயும் பெயரை அழிக்கவில்லை.

அந்த ஆறு வருகிற வழியைக் கொஞ்சம் பாருங்கள். குடகிலே பெய்த மழை, மைசூர்ச் சீமையைத் தாண்டி, 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் தேங்கி, திறந்துவிட்டபின் முக்கொம்பு வந்து, அங்கே கொள்ளிடத்துக்குப் போனது போக மிச்சம் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றுக்கும் புதாற்றுக்கும் பங்கு பிரிந்து, திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டியாகப் பிரிந்து, குடமுருட்டியிலிருந்து திருமலைராயனாகப் பிரிந்து, வழியெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாகக் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கையில் இருக்கும் சில்லறையைப் போலகத்துப் பக்கம் போட்டுவிட்டுக் கடலில் விழுகிறது. இந்தக் கடைசி இடத்துக்குத் தஞ்சை ஜில்லாவில் ஒரு பெயர் உண்டு: கடைமடை. வெயில் காலத்தில் தண்ணீர் கடைசியில் வரும். ஐப்பசியில் மேட்டிலிருந்து வடிகிற வெள்ளம் முழுவதும் முதலில் வந்து நிற்கும். கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்காரருக்குப் பாயசம் வராமல், எச்சில் தண்ணீர் மட்டும் வந்து சேர்கிற மாதிரி.

அந்த ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், “மேட்டூர் திறந்து பத்து நாள் ஆச்சே?” என்று கேட்டேன். “தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டுட்டான் தம்பி. போட்டு என்ன? எங்க வாய்க்கா நனைஞ்சாத்தானே எங்களுக்குத் தொறந்தது?” என்றார். வருஷா வருஷம் ஜூன் 12 என்று நாள் குறித்து வைத்திருக்கிறோம். 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்க முடியவில்லை. கடைமடைக்காரரின் பஞ்சாங்கம் இதோடும் ஒட்டாது, அதோடும் ஒட்டாது.

ஆறு என்று பெயர் சொல்கிறோமே தவிர, இங்கே ஓடுபவற்றில் எத்தனை தானாக ஓடிய ஆறு, எத்தனை மனிதன் வெட்டிய வாய்க்கால் என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. அரசலாறு பழைய ஆறு. முடிகொண்டான், வீரசோழன், விக்கிரமன் என்று ராஜாக்களின் பட்டப்பெயரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவை எல்லாம் மண்வெட்டியின் உபயமாகத்தான் இருக்க வேண்டும். முடிகொண்டான் என்பது கங்கைகொண்ட ராஜேந்திரனின் பட்டம். கங்கைக்குப் படையோடு போய் வந்தவன் பெயர், காரைக்கால் பக்கத்துச் சேற்றில் குறுவை நாற்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொண்டிருக்கிறது. அவன் செய்த காரியங்களில் இன்றும் வேலை செய்துகொண்டிருப்பது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

கரிகாலனைப் பற்றி இரண்டு வார்த்தை. கல்லணையை இரண்டாம் நூற்றாண்டில் அவன் கட்டினான் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் பழைய சாசனங்களைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தென்படுகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஆந்திர தேசத்தில் ஆண்ட ரேநாட்டுச் சோழர்கள் தங்களைக் கரிகாலன் வம்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் மாலேபாடுச் செப்பேட்டிலும் சரி, பின்னால் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் சரி, கரிகாலனுக்குக் கொடுக்கிற புகழ், காவேரிக்குக் கரை போட்டு வெள்ளத்தை அடக்கினான் என்பதுதான். அணை பிறகு, கரை முதலில். யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயம். கரை இல்லாத ஆறு சமவெளியில் இஷ்டப்படி ஊர் சுற்றும். கடைமடை என்று ஓர் இடமே இருக்காது. கரை போட்டபிறகுதான் இந்த வாய்க்கால் இந்த ஊருக்கு, இந்தத் தலைப்பு இன்னாருக்கு என்று சொல்ல முடிகிறது. தகராறும் அப்போதுதான் பிறக்கிறது.

கல்லணை வேலையின் சூட்சுமம் ஆர்தர் காட்டனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடி காணாத மணலில் அஸ்திவாரம் எப்படிப் போடுவது என்பதை அந்தப் பழைய அணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று அவரே எழுதினார். கல்லைப் போடு, மணல் அரிக்கும், கல் இறங்கும். மேலே இன்னொன்று போடு. இறங்குவது நிற்கும்வரை போடு. இடுக்கில் களிமண் பூசு. அவ்வளவுதான். அவர் காலத்தில் கொள்ளிடம் ஆழமாகி, காவேரி மேடாகி, தஞ்சாவூருக்கு வர வேண்டிய தண்ணீர் எல்லாம் வடக்கே வழிந்துகொண்டிருந்தது. 1836-ல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கினார். அந்த அணை எழும்பியிராவிட்டால் கடைமடை என்ற சொல் கும்பகோணத்துக்கே பொருந்தியிருக்கும்.

சரி, கரை போட்டாயிற்று, அணை கட்டியாயிற்று. ஆனால் மேலே இருக்கிறவன் தண்ணீரைக் கீழே விட வேண்டும் என்று என்ன கட்டாயம்? நதி நாகரிகத்தின் முழு ரகசியமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எகிப்தில் இந்தச் சிக்கல் குறைவு. நைல் வருஷத்துக்கு ஒருமுறை தானே பொங்கி வயலை நனைத்துவிட்டு இறங்கும். எலிபெண்டைன் தீவில் படிக்கட்டில் கோடு கீறி வைத்துத் தண்ணீர் எத்தனை முழம் ஏறியது என்று பார்ப்பார்கள். அதைக் கொண்டு விளைச்சலை மதிப்பார்கள். பாபிலோனில் வாய்க்கால் பாசனம். ஆகவே சட்டம் தேவைப்பட்டது. ஹமுராபியின் சட்டக் கல்லில் இப்படி ஒரு விதி உண்டு: தன் பங்குக் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பியிருந்து, அது உடைந்து பிறர் வயலில் தண்ணீர் புகுந்தால், அழிந்த தானியத்தை அவன் கொடுக்க வேண்டும்; கொடுக்க முடியாவிட்டால் அவனையும் அவன் சொத்தையும் விற்று, நஷ்டப்பட்ட குடியானவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆளையே விற்பது! கரை உடைவதை அவர்கள் எவ்வளவு பயந்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்!

நம் சோழர்களிடம் அந்த மாதிரி உருட்டல் மிரட்டல் இல்லை. ஆனால் போலகத்துக்குத் தெற்கே, நாகப்பட்டினம் வட்டாரத்து ஆனைமங்கலத்தைப் பற்றிய ஒரு சாசனம் இருக்கிறது. நெடுங்காலம் ஹாலந்து தேசத்து லைடன் நகரத்தில் இருந்ததால் லைடன் செப்பேடு என்று பெயர் பெற்றது. 21 ஏடுகள். ஸ்ரீவிஜயத்து ராஜா நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு பௌத்தப் பள்ளி எழுப்பினார். அதற்கு ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். சைவ ராஜா, பௌத்தப் பள்ளி, கடல் கடந்த தேசத்துக் கட்டடம், தஞ்சாவூர் நெல். சாசனம் எழுதுவதற்கு முன் அதிகாரிகளும் நாட்டாரும் கூடி நின்று, ஒரு பெண் யானையை ஊர் எல்லை நெடுகிலும் நடத்தி, அது போன வழியே கல்லும் கள்ளியும் நட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஏன் பக்கத்து ஊர்? எல்லை என்று சொன்னதில் பாதி வாய்க்கால். ஒருவன் எல்லை மற்றவன் பாசனம்.

இப்படிப்பட்ட தானச் சாசனங்களில் தண்ணீரைப் பற்றிய வாசகங்கள்தான் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். ஊரைப் பெற்றவர் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளலாம். அந்த வாய்க்காலில் மற்றவர் கிளை வெட்டக் கூடாது, அடைக்கக் கூடாது, சிறு ஏற்றம் போடக் கூடாது, கூடையால் இறைக்கவும் கூடாது. கூடையைக்கூட விடவில்லை பாருங்கள். இப்படி எழுதியிருப்பதிலிருந்தே இத்தனையும் நடந்துகொண்டிருந்தன என்று தெரிகிறது. ராத்திரியில் மடையைப் பிடுங்குவது இருபதாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்களே, அங்கே ஒவ்வோர் ஊருக்கும் முதலில் மொத்த நிலத்தை அளந்து சொல்வார்கள். பிறகு வரி இல்லாத நிலம் எவ்வளவு என்று கழிப்பார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், சேரிகள், சுடுகாடு. இந்த வரிசையில் ஊரின் ஊடே புகுந்து போகிற வாய்க்கால்களும் வருகின்றன. அந்தத் தண்ணீர் இந்த ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அடுத்த ஊருக்குப் போகிற வழி. ஆகவே அந்த மண்ணுக்கு வரி கிடையாது. ராஜராஜனின் அளவுக்காரர்கள் வேலியைப் பிரித்துப் பிரித்துக் கண்ணுக்குத் தெரியாத பின்னம் வரைக்கும் போனவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். ஒரு முந்திரி நிலத்தைக்கூட விட்டுவிட மனசு வராதவர்கள். அவர்கள் அந்த வாய்க்காலை மட்டும் கழித்துவிட்டுப் போகிறார்கள். பெரிய கோயிலின் கல் எழுத்துக்கள் முழுவதிலும் போலகத்துக்காரனுக்காக எழுதியது என்று நான் கொண்டாடுவது அந்தக் கழித்தல் ஒன்றைத்தான்.

இனி நெல்லுக்கு வருவோம். அந்தக் காலத்தில் காசு இருந்தது, பொன் இருந்தது. ஆனாலும் நெல்லில்தான் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். நிலத்துக்கு வேலி, வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. இன்றும் இந்தப் பக்கத்தில் ஒரு மா, அரை மா என்றால்தான் நிலம் கண்ணுக்குத் தெரியும். மூன்று மாவுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று உத்தியோகஸ்தருக்காக மொழிபெயர்த்துச் சொல்வார்கள்.

ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கணக்கில் நல்ல நிலத்துக்கு வேலிக்கு நூறு கலம் என்பது பொதுவாக அடிபடுகிற வீதம். பெரிய கோயிலில் ஆடப் பிடித்து வைத்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஆளுக்கு ஒரு பங்கு; பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் வருமானமாக வருஷத்துக்கு நூறு கலம் நெல். அளக்கிற மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். ஆடுகிற கடவுளின் பெயரில் மரக்கால், அதால் அளந்த நெல் ஆடுகிற பெண்ணுக்கு. யார் வைத்த பெயரோ, ரசிகன். ஆக, எங்கேயோ ஒரு ஊரில் ஒரு வேலி நிலம் நன்றாக நனைந்து விளைந்தால் தஞ்சாவூரில் ஒரு பெண் ஒரு வருஷம் ஆடலாம்.

ஆனைமங்கலத்துக் கணக்கும் இதே தினுசுதான். 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலத்துக்கு 8943 கலம், 2 தூணி, 1 குறுணி, 1 நாழி நெல். அந்தக் கடைசி ஒரு நாழியைப் பார்க்கிறபோது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் கலத்துக்குமேல் ஒரு நாழியை விடாத சர்க்கார்!

கடன் வகையறாவும் நெல்லோடு பின்னிக் கிடந்தது. கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்து வைத்தார்கள். காசுக்கு வருஷம் அரைக்கால் காசு வட்டி; அல்லது நெல்லாகக் கொடுத்தால் மூன்று குறுணி. நெல் விலை காசுக்கு இரண்டு கலம். கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றே, எட்டில் ஒரு பங்கு. நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைக்கு நகைக்கடன் வாங்குகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கோயில் என்பது சாமி இருக்கிற இடம் மட்டுமில்லை, அது ஒரு பாங்கி என்பது இதனால்தான். முதல் திரும்பிக் கேட்காத பாங்கி. வட்டி நிற்க விடாத பாங்கி.

நெல் இல்லாத இன்னொரு வியாபாரமும் இந்தக் கடற்கரைக்கு உண்டு. உப்பு. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துக் கழியில் உப்பை விற்று நெல்லை ஏற்றிக்கொண்டு வந்த படகுகளைக் காட்டுகிறார். கப்பலில் வந்த குதிரையும், மூட்டை மூட்டையாக மிளகும், புலி முத்திரை குத்துகிற சுங்கச் சாவடியும் நம் கண்ணைப் பறித்துவிடுவதால் அந்த உப்புப் படகை யாரும் கவனிப்பதில்லை. கடைமடைக்காரனுக்கு அந்தப் படகுதான் முக்கியம். மேட்டிலிருந்து நெல் வரும், இங்கிருந்து உப்பு போகும் என்பது அவனுடைய பொருளாதார சாஸ்திரம்.

ஆனால் உப்பு படகில் இருக்கிறவரைக்கும்தான் சரக்கு. வயலுக்கு வந்தால் சத்துரு. சுமேரிய நாட்டில் இதுதான் நடந்தது. ஆயிரக்கணக்கான வருஷம் வாய்க்கால் பாய்ச்சி, வடிகால் பார்க்காமல் விட்டதில் மண்ணில் உப்புப் பூத்தது. முதலில் கோதுமையும் பார்லியும் சரிக்குச் சரி விளைந்த தென் பகுதியில், உப்பைத் தாங்குகிற பார்லி மட்டும் மிஞ்சி, கி.மு. 1700 வாக்கில் கோதுமை அற்றே போயிற்று என்று 1958-ல் ஜேக்கப்சனும் ஆடம்ஸும் களிமண் ஏடுகளைப் பார்த்துச் சொன்னார்கள். போலகத்துப் பக்கத்தில் இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர் இறங்காத வருஷம் கடல் ஏறி வரும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி ஏறி வந்து காரைக்கால் கரையோர வயல்களில் உப்பைக் கொட்டிவிட்டுப் போனபோது, மழையும் ஆற்றுத் தண்ணீரும்தான் அதைக் கழுவ வேண்டியிருந்தது. மேட்டுப்பக்கத்தார் சில சமயம், “கடலில் வீணாகப் போகிற தண்ணீர்” என்று பேசுவார்கள். அப்படிப் போகிற தண்ணீர் கடலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கிற தண்ணீர் என்பது கடைமடைக்கு வந்து ஒரு வருஷம் இருந்தால் புரியும்.

இவ்வளவு கணக்கும் சொன்னேன். ஆடுகிறவளுக்கு எவ்வளவு, விகாரத்துக்கு எவ்வளவு, விளக்குக்கு எத்தனை ஆடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. வாய்க்காலை வெட்டினவனுக்கு எவ்வளவு?

அவன் சாசனத்தில் இல்லாமல் இல்லை. வெட்டி, அமஞ்சி என்று இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். கூலியில்லாமல் செய்துதீர வேண்டிய வேலை என்று அர்த்தம். அதில் செந்நீர் வெட்டி, செந்நீர் அமஞ்சி என்று பாசனத்துக்கே தனி வகை. பிற்காலத்தில் வெள்ளைக்காரன் குடிமராமத்து என்று அழகான பெயரில் எழுதி வைத்ததன் பழைய வடிவம் இதுதான். ஊரார் கூடித் தூர் எடுத்தார்கள் என்று படிக்கும்போது நமக்குப் புல்லரிக்கிறது. எந்த ஊரார், மண்வெட்டி யார் கையில் இருந்தது என்று கேட்டால் புல்லரிப்பு அடங்கிவிடும். வரி இல்லாத நிலங்களின் வரிசையில் பறைச்சேரி வருகிறது என்று சொன்னேன் அல்லவா? சில ஊர்களில் பறைச் சுடுகாடு என்று தனியாகவும் வருகிறது. அவர்கள் குடியிருக்கிற இடமும் எரிகிற இடமும் கணக்கில் உண்டு. நடுவில் இருந்த வாழ்வுக்குக் கலம், குறுணி எதுவும் காணோம். தண்ணீருக்கு ஒரு கடைமடை இருந்தது போல நெல்லுக்கும் ஒரு கடைமடை இருந்தது. அங்கே வருமுன் எல்லா மதகிலும் பிரித்துக்கொண்டாகிவிட்டது.

எதிர்ப்பே இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1429-ல், விஜயநகர ஆட்சியில், மாயவரம் பக்கத்துக் கொறுக்கையிலும் இன்னும் சில காவேரிக்கரை ஊர்களிலும் வலங்கை இடங்கைச் சாதிக்காரர்கள் ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலச் சொந்தக்காரரும் சேர்ந்துகொண்டு பண்ணுகிற வசூலுக்கு இனி இணங்குவதில்லை என்றும், எந்தப் பயிருக்கு என்ன வரி கொடுப்பது என்றும் தாங்களே தீர்மானித்துக் கோயில் சுவரில் வெட்டி வைத்துவிட்டார்கள். ராஜா தானம் கொடுத்ததை எழுதுகிற அதே சுவர். அதே உளி. ஆனாலும் அதில் பேசினவர்கள் உழுகிறவர்களும் கைத்தொழில்காரர்களும். சேரிக்காரனின் குரல் அந்தச் சுவரிலும் தெளிவாகக் கேட்கவில்லை.

அவன் குரல் அரசாங்கக் காகிதத்தில் ஏற 1952 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டில் ராஜாஜி சர்க்கார் தஞ்சாவூர் ஜில்லாவின் குத்தகைக்காரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்பாக ஓர் அவசரச் சட்டம் போட்டது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1739-ல் பிடித்தவர்கள் 1954 நவம்பர் 1-ல்தான் விட்டுப் போனார்கள். ஆகவே வரப்புக்கு அந்தப் பக்கம் சட்டம் உண்டு. இந்தப் பக்கம் போலகத்தில் அது செல்லாது. தண்ணீர் மட்டும் எல்லையை மதிக்காமல் வந்துகொண்டிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவில், ஆனைமங்கலம் இருக்கிற அதே நாகை வட்டாரத்தில், கீழவெண்மணியில், கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்ட தகராறு முற்றி, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கலத்துக்குமேல் ஒரு நாழியையும் விடாமல் எழுதிய பூமியில், அவர்கள் கூடுதலாகக் கேட்ட நெல்லைச் சில படிகளுக்குள் அடக்கிவிடலாம்.

இப்போது தண்ணீரைப் பிரிப்பதற்கு யானை நடப்பதில்லை. நடுவர் மன்றம் வந்தது. 1991-ல் இடைக்கால உத்தரவு போட்டபோது தமிழ்நாட்டுக்கு விடச் சொன்ன 205 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. காரைக்காலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். 2007-ல் இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டுப் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. ஒதுக்கினார்கள். 2018 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட்டு கர்நாடகத்துக்குப் பதினாலே முக்கால் கூட்டி, தமிழ்நாட்டுக்கு அதைக் குறைத்து 404.25 ஆக்கியது. அந்த 7-ல் கை வைக்கவில்லை. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஒரு துணுக்கு. பட்டியலில் கடைசி வரி.

அந்த ஏழும் ஒரே மதகு வழியாக வந்தால் நின்று எண்ணிக்கொள்ளலாம். அப்படி வருவதில்லை. நண்டலாறு ஒன்றில், நாட்டாறு ஒன்றில், அரசலாற்றில் கொஞ்சம், முடிகொண்டானில் கொஞ்சம், திருமலைராயனில் கொஞ்சம் என்று பல வாயில் பிரிந்து, தமிழ்நாட்டு வயல்களின் ஊடாகப் புகுந்து வருகிறது. அந்த வயல்காரர்களுக்கும் அந்தச் சமயத்தில் தண்ணீர் வேண்டும். போலகத்துப் பெரியவரிடம் ஏழு டி.எம்.சி. விவரத்தைச் சொன்னேன். டி.எம்.சி. என்றால் எத்தனை மாவுக்குப் பாயும் என்று கேட்டார். சொன்னேன். விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “அம்புட்டும் வந்தா போதும் தம்பி, தாராளம்” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைப்பு மடையில் யாராவது அடைத்திருக்கிறார்களா என்று பார்க்கக் கரையோடு மேற்கே நடந்தார்.